டியூப் அல்ல, ஹோஸ்

ஜூன் 2, திங்கள்

எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். எண்பது பக்க நோட்டு, அட்டையில் ரோஜாப்பூ. முப்பத்தெட்டு வயது ஆளுக்கு ரோஜாப்பூ நோட்டு. மேடம் தன் கையால் கொடுத்தார் என்பதால் வாங்கிக்கொண்டேன். வேறு யாராவது கொடுத்திருந்தால் அங்கேயே கிழித்துப் போட்டிருப்பேன்.

மேடம் என்றால் தில்லைநாயகி மேடம். மகளிர் காவல் நிலையத்தின் பின்பக்க அறையில் உட்கார்ந்து குடும்பச் சண்டைகளைப் பேசித் தீர்க்கிறவர். என் சம்சாரம் மைனாவதி என்மேல் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். மூன்று வாரமாகப் பள்ளிபாளையத்தில் அவள் அண்ணன் நடேசன் வீட்டில் இருக்கிறாள். பாப்பா கனிஷ்காவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்களாம். நான்காம் வகுப்பு. இன்றைக்குத்தான் திறப்பு. யார் கொண்டுபோய் விட்டார்களோ.

புகாரில் என்ன இருக்கிறது? 'என் கணவர் சென்னியப்பன் என்னை டியூப்பால் அடித்தார். முதுகில் ஆறு தையல்.' மேடம் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சங்ககிரி பைபாஸ் பட்டறையில் பதினாறு வருட மெக்கானிக்.

"டியூப்பால நான் அடிக்கவே இல்லீங்க மேடம். எங்கூட்டுல டியூப்பே கெடையாதுங்க. பாப்பா மேல சத்தியமுங்க" என்றேன்.

அது உண்மை. எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் அவளே சொல்லியிருக்கிறாள், அந்தச் சீட்டும் மேடத்திடம் இருக்கிறது. மேடம் 'கணவர் மறுக்கிறார்' என்று எழுதிக்கொண்டார். மைனா குனிந்த தலை நிமிரவில்லை. மறுத்துக்கூடப் பேசவில்லை.

ஒரு மாதம் தினமும் எழுத வேண்டும். கோபம் வந்தால் எதனால் வந்தது, வந்ததும் என்ன செய்தேன். ஜூலை 2 மறுபடி வர வேண்டும். நானே ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து அவள் முன்னால் படிக்க வேண்டும். கேட்டுவிட்டு, என்கூட வருகிறாளா இல்லையா என்று மைனா சொல்லுவாள். வந்தால் புகாரை மூடிவிடுவார்கள். வராவிட்டால் அது வழக்கு.

ஆக எனக்கு நல்லதாக ஒரே ஒரு பக்கம் வேண்டும். முப்பது நாளில் ஒரு பக்கமா தேறாது?

ஜூன் 3, செவ்வாய்

கோபம் வரவில்லை.

ஜூன் 4, புதன்

இன்றும் வரவில்லை. சரி, வந்தது. பால்காரர். எழுதுகிற அளவுக்கு இல்லை.

ஜூன் 5, வியாழன்

பதினாறு சக்கர லாரி ஒன்று வந்தது. டிரைவர் கீழே குனிந்து ரேடியேட்டர் ஹோஸைக் காட்டி, "அண்ணா, இந்த டியூப்பு ஒழுகுது பாருங்க" என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. டியூப் என்பது டயருக்குள் காற்றுப் பிடிக்கிற வெறும் ரப்பர். ஹோஸ் என்பது உள்ளே கம்பியும் நூலும் பின்னி, இரண்டு முனையிலும் இரும்புக் காது வைத்து நசுக்கிச் செய்தது. கொதிக்கிற தண்ணீரையும் ஆயிலையும் அழுத்தத்தோடு கொண்டுபோவது. லாரியிலேயே பிறந்து லாரியிலேயே தூங்குகிறவன், அவனுக்குக்கூடவா இது தெரியாது? கையிலிருந்த ஸ்பானரை எறிந்தேன். சுவரில்தான் எறிந்தேன். அது திரும்பி வந்து அவன் டீ கிளாஸை உடைத்துவிட்டது.

ஆள்மேல் எறியவில்லை. இதைக் கவனிக்க வேண்டும்.

பதினாறு வருடத்தில் அந்தச் சுவரில் காரை உதிராத இடம் கொஞ்சம்தான் பாக்கி. முதலாளி குழந்தைவேல் அண்ணன் ஒன்றும் சொல்வதில்லை. கைவேலை தெரிந்தவனிடம் யார் சொல்வார்கள்?

ஜூன் 8, ஞாயிறு

லீவு. சோறு வடிக்கத் தெரியாமல் கஞ்சியாக்கிக் குடித்தேன். துணி துவைத்தேன். மைனாவின் நைட்டி ஒன்று வாளிக்கடியில் கிடந்தது. முதுகுப் பக்கம் கிழிந்திருந்தது. அதைத் துவைக்கவில்லை, சுருட்டி அடுப்பில் போட்டேன்.

வீட்டைக் கூட்டினேன். பீரோ கதவு ஒடுங்கியிருக்கிறது. அது முன்பே ஒடுங்கியதுதான். அறைக் கதவுக்குப் பின்னால், காற்றில் அடிக்காமல் இருக்கக் கதவிடுக்கில் கொடுப்பதற்காகப் பட்டறையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த ஒன்று கிடந்தது. வாய்க்காலில் கொண்டுபோய் எறிந்துவிட்டு வந்தேன். அது என்ன என்று எழுத வேண்டிய அவசியமில்லை. இப்போது காற்றடித்தால் கதவு படார் படார் என்று அறைகிறது.

மாலையில் மைனாவுக்குப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. பதினாலு தடவை பண்ணினேன். பேசத்தான் பண்ணினேன்.

ஜூன் 11, புதன்

வெள்ளை நிறப் பெரிய கார், ஏழு பேர் உட்காரலாம். திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டி முதலாளி சின்னமுத்து அவர்களுடையது. முன்பக்கம் ஆயில் சொட்டுகிறது. வேறு இரண்டு பட்டறையில் காட்டிவிட்டு வந்திருக்கிறார். ஒருத்தன் இன்ஜினை இறக்க வேண்டும் என்றானாம், இன்னொருத்தன் சீல் போய்விட்டது என்றானாம்.

நான் கீழே படுத்து ஐந்து நிமிடம் பார்த்தேன். ஆயில் கூலர் ஹோஸ். ஓடிச் சூடான ஆயிலை முன்னால் கொண்டுவந்து காற்றில் ஆற்றித் திருப்பி அனுப்புகிற சின்ன அலுமினியப் பெட்டிதான் ஆயில் கூலர். போக ஒரு ஹோஸ், வர ஒரு ஹோஸ். இரண்டிலும் காது நசுக்கிய இடத்தில் கசிவு. நெடுந்தூரம் போகும்போது வெடித்தால் ஒரு நிமிடத்தில் ஆயில் முழுவதும் ரோட்டில் கொட்டி இன்ஜின் இறுகி நின்றுவிடும்.

"ரெண்டு டியூப்பையும் மாத்திப்போடுங்க" என்றார் சின்னமுத்து.

பெரிய மனிதர். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஹோஸுங்க" என்றேன். அவ்வளவுதான். கோபம் வந்தது, ஒன்றும் செய்யவில்லை. எழுதிவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

இன்றைய வேலையை நிதானமாக எழுதுகிறேன்.

வண்டியை முந்தின நாளே, அடியில் இறங்கி நின்று வேலை பார்க்கிற குழிமேல் நிறுத்தி ஆற விட்டாயிற்று. சூட்டோடு கை வைத்தால் ஆயில் தோலை உரித்துவிடும். காலையில் வண்டிக்கு அடியிலிருக்கிற தகட்டைக் கழற்றினேன். மண்ணையும் பிசுக்கையும் பிரஷ் போட்டுத் துடைத்தேன். ஹோஸைக் கழற்றும்போது ஒரு மணல் உள்ளே விழுந்தாலும் இன்ஜினுக்குக் கேடு. கீழே தட்டு வைத்தேன். நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். அவசரப்படக் கூடாது. எண்ணெய் உள்ளே இறங்க நேரம் கொடுக்க வேண்டும்.

பிறகு இரண்டு ஸ்பானர். இதுதான் முக்கியம். கூலரில் ஹோஸ் மாட்டுகிற கழுத்து மெல்லிய அலுமினியம். ஒரே ஸ்பானரைப் போட்டு நட்டைத் திருகினால் நட்டோடு சேர்ந்து கழுத்தும் முறுகிவிடும். இடது கையில் ஒரு ஸ்பானரால் கழுத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். வலது கை திருப்பும். திருப்புகிற கைக்குப் பலம் தேவையில்லை. பிடிக்கிற கைக்குத்தான் பலம் வேண்டும். நட்டு இளகவில்லை என்றால் இன்னும் எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். மறுபடி பிடிக்க வேண்டும், மறுபடி மெதுவாகத் திருப்ப வேண்டும்.

முதல் ஹோஸ் பதினொன்றரைக்குக் கழன்று வந்தது. கழுத்தில் ஒரு கீறல் இல்லை. திறந்த வாயைச் சுத்தமான துணியால் அடைத்தேன். கூட வேலை செய்கிற மாதேஷ் எட்டிப் பார்த்து, "கொழந்தைக்கு மொட்டையடிக்கிற மாதிரி பண்றீங்கண்ணா" என்றான்.

இதைப் படிக்கலாம். இதுதான் பக்கம்.

ஜூன் 13, வெள்ளி

வெள்ளை வண்டியின் கூலர் கழுத்து உடைந்துவிட்டது. மாதேஷுக்குக் காதோரம் அடிபட்டது. எட்டுத் தையல். பட்டறை அரை நாள் மூடல்.

ஜூன் 14, சனி

குழந்தைவேல் அண்ணன் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எப்படிப் பட்டுச்சு சென்னி?"

"ஹோஸு கையில இருந்து நழுவிருச்சுங்ண்ணா."

"நழுவி மூணு தடவ பட்டுச்சா?"

நான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"மாதேஷு போலீசுக்குப் போக வேண்டாங்கறான். நானும் போகல. ஆனா எங்கிட்டப் பொய் சொல்றதுன்னா திங்கக்கெழமை பட்டறப் பக்கம் வராத. சொல்லிப்போட்டேன்." போய்விட்டார்.

சரி. இந்தப் பக்கத்தை நான் படிக்கப் போவதில்லை. அதனால் எழுதலாம்.

நேற்றுக் காலை இரண்டாவது ஹோஸ். நட்டு இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன். அப்போது நடேசன் போன் பண்ணினான். "உன்ற நோட்டுக் கதையெல்லாம் அந்த மேடத்துகிட்ட வெச்சுக்க. என்ற தங்கச்சிய நான் அனுப்பமாட்டேன். அவ முதுகக் காட்டட்டுமா ஊருக்கு?" என்றான். நானும் கத்தினேன். குழிக்குள் நின்று கத்திக்கொண்டே நட்டில் ஸ்பானரைப் போட்டு இழுத்தேன். பிடிக்க வேண்டிய கையில் போன் இருந்தது.

டக்கென்று ஒரு சத்தம். கழுத்து முறுகி உடைந்துவிட்டது. மிச்ச ஆயில் முகத்தில் வழிந்தது.

மாதேஷ் மேலே இருந்து குனிந்து, "என்னண்ணா, எதுத்த ஸ்பானர் போடலயா?" என்றான். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டான். பதினாறு வருடத்தில் அந்தத் தவறை நான் செய்ததில்லை. அதை அவன் வாயால் கேட்டதும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. குழியிலிருந்து ஏறினேன். முதல் நாள் கழற்றிய ஹோஸ் மேசைமேல் கிடந்தது.

முதல் அடி தோளில். இரண்டாவது காதோரம், இரும்புக் காது பட்டு அங்கேதான் கிழிந்தது. மூன்றாவதுக்கு அவன் இரண்டு கையையும் தலைக்குமேல் வைத்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். அப்படி உட்கார்ந்தால் முதுகு முழுவதும் வாகாகக் கிடைக்கும். அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால்

இதற்குமேல் ஒன்றரை வரி எழுதி அடித்துவிட்டேன். இரண்டு தடவை அடித்தும் எழுத்து தெரிகிறது. மூன்றாம் தடவை அடித்ததில் தாள் கிழிந்துவிட்டது.

குழந்தைவேல் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பிடித்தார்கள். இல்லாவிட்டால் எத்தனை ஆகியிருக்கும் என்று தெரியாது.

ஜூன் 16, திங்கள்

அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். "போய் அவனப் பாத்துட்டு வா, அப்பறம் வேலையப் பாரு" என்றார்.

ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனேன். மாதேஷுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகிறது. அவன் சம்சாரம் கதவைத் திறந்து, பையை வாங்கிக்கொள்ளாமல், வாசலிலேயே நின்றாள். மாதேஷ்தான் "உள்ள உடு" என்றான். தலையில் கட்டு. இடது கண் வீங்கி மூடியிருந்தது.

"மன்னிச்சுக்க மாதேசு" என்றேன். இந்த வார்த்தையை எப்போது கடைசியாகச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

"எனக்குக் கோவமில்லீங்ண்ணா. பயந்தானுங்க. ஒன்னு மட்டும் கேக்கறனுங்க. ரெண்டாவது அடியிலயே உட்டுருங்கண்ணான்னு கத்துனேன். ரெண்டு தடவ கத்துனேன். ஏன் உடல?"

"எனக்குக் கேக்கல."

"பக்கத்துல நின்னுட்டிருந்தீங்கண்ணா."

சத்தியமாகக் கேட்கவில்லை. இதை எழுதும்போது யோசிக்கிறேன். மைனாவும் அன்றைக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். வாய் அசைந்தது ஞாபகம் இருக்கிறது. சத்தம் ஞாபகம் இல்லை. பாப்பாவும் அங்கேதான் எங்கேயோ நின்றாள். அவள் சத்தமும் ஞாபகம் இல்லை.

ஆனால் மைனாவும் சும்மா இருக்கவில்லை. என் சித்தப்பா மகள் சீர் வீட்டில் அத்தனை சொந்தபந்தமும் என்னைப் பார்த்துச் சிரிக்கும்படி செய்துவிட்டாள். ஒரே ஒரு வார்த்தை. அதை இங்கே எழுதினால் எனக்கு மறுபடி ஏறும். விடுகிறேன்.

ஜூன் 18, புதன்

புது கூலர் வந்தது. யாரும் என் குழிப்பக்கம் வரவில்லை. தனியாகவே வேலை பார்த்தேன். நான் ஸ்பானர் கேட்டால் தரையில் உருட்டிவிடுகிறார்கள்.

புது ஹோஸ் இரண்டையும் மாட்டினேன். கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையத்துக்கு ஆயில் தடவி, கையாலேயே முதல் மூன்று சுற்று ஏற்றி, பிறகு இரண்டு ஸ்பானர். அளவு பார்த்து ஆயில் ஊற்றி, வண்டியைக் கால் மணி நேரம் ஓடவிட்டுக் கீழே படுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

சின்னமுத்து வந்து, "உங்க கை மாதிரி வருமுங்களா" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சந்தோஷமாக இருந்தது. உடனே அழுகை வந்தது. எதற்கு என்று தெரியவில்லை. ஆயில் பட்டுவிட்டது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஜூன் 21, சனி

பள்ளிபாளையம் போயிருக்கக் கூடாது. போனேன். பாப்பாவை ஒரு தடவை பார்க்கலாம் என்றுதான். மில் பக்கத்துச் சந்தில் நடேசன் மடக்கினான். சட்டையைப் பிடித்தான். கன்னத்தில் இரண்டு விட்டான். உதட்டில் ரத்தம்.

நான் திருப்பி அடிக்கவில்லை. ஊரே சாட்சி. இதையும் படிக்கலாம் போல இருந்தது.

ஆனால் அவன் போன பிறகு அவனுடைய பைக்கின் இரண்டு கண்ணாடியையும் முறித்துப்போட்டேன். டேங்கை மிதித்து ஒடுக்கினேன். நிமிர்ந்தால் மைனா எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். நடேசன் வீட்டு எதிரில்தான் நிற்கிறேன் என்பது அந்தக் கோபத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. அவள் கத்தவில்லை. அவனைக் கூப்பிடவும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதைப் படிக்க முடியாது.

ஜூன் 27, வெள்ளி

மாதேஷ் வேலைக்கு வந்தான். தையல் பிரித்தாகிவிட்டது. "வணக்கமுங்ண்ணா" என்றான், குழியின் அந்தக் கரையில் நின்றபடி.

ஜூன் 30, திங்கள்

நோட்டு முழுவதையும் புரட்டிப் பார்த்தேன். முப்பது நாளில் தேறியது ஒரே பக்கம், ஜூன் 12. அதை ஏழு தடவை வாய்விட்டுப் படித்துப் பழகினேன். திக்காமல் வருகிறது. 'அவசரப்படக் கூடாது' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டும். மேடம் கடைசியில், இனி அடிப்பாயா என்று கேட்பார். 'மாட்டேனுங்க மேடம்' என்று சொல்ல வேண்டும். அதையும் பழகினேன்.

மைனாவுக்குப் பிடித்த பச்சைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். கொல்லைப்புறத்தையும் கழுவிவிட்டேன். அவள் வந்தால் இதைப் பார்த்துச் சிரிப்பாள்.

ஜூலை 2, புதன்

நோட்டு என்னிடம் இல்லை. பாப்பாவின் பழைய ரஃப் நோட்டில் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன்.

பத்தரைக்குக் கூப்பிட்டார்கள். மேடம், எதிரே மைனா, பக்கத்தில் நான். நடேசனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார். பாப்பா வராண்டாவில் ஒரு பெண் போலீஸோடு இருந்தாள். மைனா மெலிந்திருந்தாள். சாய்ந்து உட்காராமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

நான் பக்கத்தைப் படித்தேன். நன்றாகவே படித்தேன். மண் விழாமல் துடைப்பது, எண்ணெய் இறங்கக் காத்திருப்பது, பிடிக்கிற கைக்குத்தான் பலம் வேண்டும் என்பது. மேடம் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும், "இவ்வளவு பொறுமை இருக்குங்களா உங்களுக்கு" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"நீங்க ஏதாவது சொல்றீங்களாம்மா?" என்று மைனாவைக் கேட்டார்.

மைனா தலையைத் தூக்கினாள். "ஒரு டியூப்பக் கழட்டறதுக்கு இத்தன பக்குவமுங்களா" என்றாள்.

"டியூப் இல்ல. ஹோஸ்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

"ரெண்டும் ஒன்னுதானுங்க. என்னைய அடிச்சதும் அதே டியூப்புத்தான்."

"எத்தன தடவ சொல்றது? தெரியாமப் பேசாத. டியூப்னா வெறும் ரப்பரு. அதுல அடிச்சாத் தடிக்கும், அவ்வளவுதான். உனக்குக் கிழிஞ்சு ஆறு தையல் போட்டாங்கல்ல? ரப்பர்ல அடிச்சாக் கிழியுமா? அது ஹோஸு. மொனையில இரும்புக் காது இருக்குது. ஆயில் கூலர் ஹோஸு. பழைய லாரியில கழட்டுனது, கதவுக்குக் குடுக்க நாந்தான் கொண்டாந்து வெச்சேன்."

சொல்லி முடித்த பிறகுதான் மேலே மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. மேடம் பேனாவை எடுத்திருந்தார். நான் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாக எழுதிக்கொண்டிருந்தார். ஹோஸ் என்றே எழுதினார்.

மைனா என்னைப் பார்க்கவில்லை, மேடத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எனக்கு ஹோஸுன்னு தெரியுமுங்க மேடம். பதினோரு வருசமா அவரு சட்டையத் தொவைக்கறவளுக்குத் தெரியாதுங்களா? அன்னிக்குச் சீர் வீட்டுல எல்லாரும், ஊட்டுக்காரருக்கு என்ன வேலைன்னு கேட்டாங்க. சிரிப்புக்கு, லாரிக்கு டியூப்பு மாட்டறாருன்னு சொல்லிப்போட்டேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தானுங்க ஊட்டுக்கு வந்து அடிச்சாரு. ஆஸ்பத்திரில வழுக்கி உழுந்தேன்னு பொய் சொல்லவெச்சாரு. நான் சொன்னா யாரு நம்புவாங்க? அதான் புகார்ல டியூப்புன்னே எழுதிக் குடுத்தேன். தப்பாச் சொன்னா இவரால பொறுக்க முடியாது. என்னிக்காவது இவரு வாயாலயே திருத்துவாருன்னு தெரியுமுங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மாதமாக என்னை உட்காரவைத்து எழுதவைத்துப் படிக்கவைத்து, கடைசியில் இவள் என்னைக் கழற்றிவிட்டாள். நான் எழுந்து நின்றிருக்கிறேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. மேடமும் எழுந்துவிட்டார். "உக்காருங்க" என்று அவர் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

மைனா இரண்டு கையையும் தலைக்குமேல் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். ரோஜாப்பூ நோட்டைச் சுருட்டி, உருளையாக்கி, முனையை இறுக்கிப் பிடித்து ஓங்கியிருக்கிறேன். பெண் போலீஸ் உள்ளே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அப்புறம்தான் சத்தம் எல்லாம் திரும்பக் கேட்டது. மைனா "உட்டுருங்க, உட்டுருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மெல்ல, பழகின வார்த்தையைச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் இதையேதான் சொல்லியிருக்கிறாள். இத்தனை நாள் கழித்து இன்றைக்குத்தான் எனக்குக் கேட்கிறது.

நான் உட்கார்ந்தேன். மேடம் தண்ணீர் கொடுத்தார். பிறகு எல்லாரையும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார்.

"இவங்க உங்ககூட வந்தா இனி அடிப்பீங்களா?"

பழகிவைத்த பதில் நாக்கில்தான் இருந்தது.

"அடிப்பனுங்க மேடம்" என்றேன். "அனுப்பாதீங்க."

மைனா அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் என்ன இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. கோபம் இல்லை. எழுந்து, முந்தானையால் முதுகை மூடிக்கொண்டு, வெளியே போனாள். "வா கண்ணு" என்று பாப்பாவைக் கூப்பிட்டது கேட்டது. பாப்பா, "அப்பாவும் வருதா?" என்று கேட்டாள். அதற்கு மைனா என்ன சொன்னாள் என்பது காதில் விழவில்லை.

மேடம் மேசைமேல் நோட்டை வைக்கச் சொன்னார். வழக்குப் பதிகிறார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 3, வியாழன்

பதினொரு மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் மைனாவின் துணிகள், பாப்பாவின் புத்தகங்கள், பாப்பாவின் சின்ன சைக்கிள் எல்லாவற்றையும் ஹாலில் எடுத்து வைத்தேன். நான் நடேசன் வீட்டுத் தெருப்பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். குழந்தைவேல் அண்ணன் மாதேஷை வண்டியோடு அனுப்பியிருந்தார்.

மாதேஷ் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் நின்றான். சாமான்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். காதோரம் தையல் போட்ட இடத்தில் இன்னும் முடி முளைக்கவில்லை.

"வா, நான் ஒரு பக்கம் புடிக்கறேன்" என்று சைக்கிளைத் தூக்கப் போனேன்.

"வேண்டாங்ண்ணா" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். "நீங்க அந்த ரூமுக்குள்ள போயி நின்னுக்குங்க. கதவச் சாத்திக்குங்க. நான் எடுத்துக்கறனுங்க."

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.